தியோடர் ஏற்றிய பின்பாரம்

எஞ்சினைத் திறப்பதற்கு முன்னால் அதன் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார் தியோடர். குழந்தைக்கு ஜுரம் பார்க்கிற மாதிரிதான் இருக்கும். பக்கத்தில் நிற்கிறவர் என்ன கோளாறு என்று சொல்ல வாயெடுத்தால் போதும், இன்னொரு கை மேலே எழுந்து அவரை அடக்கிவிடும். கரண்டு போய், கல்லாவில் மெழுகுவத்தி ஏற்றி வைத்துவிட்டு, ஆட்டோவில் ஜெனரேட்டரைப் போட்டுக்கொண்டு ஓடி வந்த பேக்கரிக்காரரும் வாயை மூடிக்கொண்டு நிற்கவேண்டியதுதான். கண் திறந்ததும் தீர்ப்பு வரும். "இது கெட்டுப்போகல சார். கெடுத்து வச்சிருக்கீங்க. எஞ்சின் பொய் சொல்லாது, ஓட்டுற கைதான் பொய் சொல்லும்."

குற்றம் யாருடைய கையில் என்று சொல்லி முடித்துவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுவார். பேக்கரிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே போவார். அடுத்த தடவையும் இங்கேதான் வருவார். சும்மா சொல்லக்கூடாது, தியோடர் கைபட்ட ஜெனரேட்டர் சீக்கிரத்தில் காலை வாராது.

கன்னடத் தலைநகரத்து லிங்கராஜபுரத்தில் மெயின் ரோட்டை விட்டுச் சர்ச்சுக்குத் திரும்புகிற சந்தில் அவருடைய தகரக் கொட்டகை. ஐம்பதைத் தாண்டிய ஆள், நல்ல உயரம், அதற்கேற்ற தொந்தி. மூக்குக் கண்ணாடியின் ஒடிந்த காதுக்குச் செப்புக் கம்பி சுற்றியிருப்பார். வாரம் பூராவும் கிரீஸ் ஏறிய காக்கி அரைக்கால் சட்டை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெள்ளைச் சட்டை, கறுப்பு ஷூ. சர்ச்சில் பாட்டு ஆரம்பித்தால் ஆர்கனுக்கு அரை அடி முன்னால் போய்க்கொண்டிருப்பார். ஆர்கன்தான் மெதுவாகப் போகிறது என்பது அவர் கட்சி. மனைவி பியாட்ரிஸ் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீட்டில் பால் திரிந்தால்கூடக் காய்ச்சின கையைக் குற்றம் சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிற மனுஷனோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறார் அந்த அம்மாள். அவரைப் பற்றித்தான் நியாயமாக எழுதவேண்டும்.

தியோடர் தொழில் கற்றது அத்திபெலேயில், லாரிகளுக்கு நடுவில். எல்லைச் செக்போஸ்ட்டுக்காக வரிசையில் நிற்கிற லாரிகள் மழை பெய்தால் ரோட்டோரச் சேற்றில் மாட்டிக்கொள்ளும். சரக்கு ஏற்றின லாரி எப்படியோ முக்கி முனகி மேலே வந்துவிடும். காலி லாரிதான் பின்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிச் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கும். பின்னால் நாலு கல்லைப் போட்டு, டீக்கடையில் வம்பளந்துகொண்டிருக்கிறவர்களையும் ஏற்றி நிற்க வைத்தால், சக்கரம் தரையைக் கடித்துக்கொண்டு கிளம்பும். அங்கே பிடித்த பாடத்தை அவர் விடவே இல்லை. "பின்னாடி பாரம் இருந்தாத்தான் புடிக்கும்" என்பது அவருக்கு வேதவாக்கு. அவருடைய மெட்டடார் வேனின் பின்பக்கம் எப்போதும் மணல் மூட்டை கிடக்கும். ஸ்கூட்டரில் பியாட்ரிஸ் கூட வரவில்லையென்றால் டூல்ஸ் பெட்டியைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டுதான் வண்டியை எடுப்பார். வேலையில் நிலைக்காமல் சுற்றுகிற இளவட்டங்களுக்கும் இதே வைத்தியம்தான். சீக்கிரம் கல்யாணத்தைப் பண்ணி வையுங்கள் என்பார்.

கடலைப் பார்க்க ராத்திரி பூராவும் ரயிலில் போகவேண்டிய ஊரில் இருக்கிற இந்த மனுஷன் கையில் ஒரு படகு வந்து சிக்கியது.

அத்திபெலேயைத் தாண்டி, ஒரு ஏரிக்கரையை வளைத்து ரிசார்ட் கட்டியிருந்தார் மஞ்சுநாத். லேஅவுட் போட்டு விற்று மேலே வந்தவர். சனி ஞாயிறு ஆனால் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் குடும்பத்தோடு வந்து இறங்குகிற காலம் அது. அங்கே ஜெனரேட்டர்கள் எல்லாம் தியோடர் பொறுப்பு. தொண்ணூற்றொன்பதில் மஞ்சுநாத் எங்கிருந்தோ ஒரு படகைப் பிடித்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அமெரிக்காவில் ஏரிமீன் பிடிக்கிறவர்கள் வைத்திருக்கிற படகாம். தட்டையாக, தாழ்வாக, உடம்பெல்லாம் ஜிகினா தூவின மாதிரி மினுக்கும். முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று சுழல் நாற்காலி. பிடித்த மீனை உயிரோடு வைத்துக்கொள்ளப் பின்பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதற்கும் பின்னால், வால் மாதிரி வெளியே தொங்குகிற எஞ்சின்.

அந்தப் படகில் ஒரு கோளாறு இருந்தது. நேராகப் போகிறவரைக்கும் சமர்த்து. வளைத்துத் திருப்பினால் எஞ்சின் வீலென்று கத்தும், புரொப்பல்லர் சும்மா சுற்றும், படகு இழுக்காது. தியோடர் கரையில் நின்று ஒரே ஒரு தடவை பார்த்தார். சேற்றில் சுற்றுகிற காலி லாரியின் சக்கரம் கண்முன்னால் வந்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்க அமெரிக்காவுக்கா போகவேண்டும்? கொட்டகையில் இரும்புச் சட்டம் ஒன்று வெல்டிங் பண்ணினார். அதில் இரண்டு லாரி பாட்டரியையும் ஒரு தண்டவாளத் துண்டையும் பொருத்திப் படகின் பின்தளத்துக்கு அடியில் போல்ட்டுப் போட்டு இறுக்கினார். புரொப்பல்லர் ஆழத்தில் இறங்கியது, கத்தல் நின்றது. மஞ்சுநாத் அவர் முதுகில் தட்டி, ஆளென்றால் ஆள் இப்படி இருக்கவேண்டும் என்றார்.

படகை ஓட்டுகிறவன் முனிராஜ். அந்த ஏரிக்கரைக்காரன். ரிசார்ட் வருவதற்கு முன்னால் அதே தண்ணீரில் வலை போட்டுப் பிழைத்தவன். வேலி வந்தபோது வலையைச் சுருட்டி வைத்துவிட்டு வேலியின் உள்பக்கமாக வேலைக்குச் சேர்ந்துகொண்டான். நாற்பது வயசிருக்கும். பேச்சு கம்மி. ஆனால் அந்த ஜிகினாப் படகின் ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்துவிட்டால் அவன் முகமே வேறு. இரும்பு ஏற்றின அன்றைக்கே ஒரு சுற்று போய்விட்டு வந்தான். துறையில் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னான்.

"பின்னாடி குந்திக்குதுணா. மூஞ்சத் தூக்கிக்கிட்டு எந்திரிக்கவே மாட்டேங்குது. அந்த இரும்பக் கொஞ்சம் முன்னாடி போடலாமா?"

தியோடர் சிரித்தார். லாரியையே பார்க்காதவனிடம் என்னத்தைச் சொல்வது என்கிற சிரிப்பு. எடுத்த எடுப்பில் முறுக்காதே, கையில் பக்குவம் வேண்டும் என்று புத்தி சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகும் ஜெனரேட்டர் பார்க்க வரும்போதெல்லாம் முனிராஜ் பக்கத்தில் வந்து நின்று அதையே சொன்னான். தியோடரின் கை ஒவ்வொரு தடவையும் மேலே எழுந்து அவனை அடக்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக் குடும்பம் ஒன்று படகில் ஏறியது. முனிராஜ் வேகம் கொடுத்தான். படகு மூக்கை வானத்தைப் பார்க்கத் தூக்கிக்கொண்டு, பின்னால் உட்கார்ந்த வாக்கிலேயே தண்ணீரை உழுதுகொண்டு போனது. மூக்குக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. காலால் மிதிக்கிற வாத்துப் படகு ஒன்று குறுக்கே வந்தது கடைசி நிமிஷத்தில்தான் கண்ணில் பட்டு, சட்டென்று வேகத்தைக் குறைத்தான். பின்னாலேயே துரத்திக்கொண்டு வந்த அலை, தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்ந்து கிடந்த பின்பக்கத்து வழியாக உள்ளே ஏறியது. பின்நாற்காலியில் இருந்த பெண்ணையும் அவள் மடியில் இருந்த குழந்தையையும் புரட்டிப் போட்டுவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் குழந்தை வீறிட்ட சத்தத்தில் கரையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டோடு எழுந்து நின்றுவிட்டார்கள்.

மறுநாள் மஞ்சுநாத் தியோடரை வரவழைத்தார். கோளாறு படகிலா, ஆளிலா என்று கேட்டார். முனிராஜ் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தான். தியோடர் எஞ்சின்மேல் கையை வைத்துக் கண்ணை மூடினார். பிறகு கண்ணைத் திறந்து, "எஞ்சின் பொய் சொல்லாது சார்" என்றார். மிச்சத்தை அவர் சொல்லவேண்டியிருக்கவில்லை.

முனிராஜை வாசலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அங்கே ஒரு டிக்கெட் கூண்டும், வண்டிகளை மறிக்கிற தடுப்புக் கம்பியும் உண்டு. டிக்கெட் கிழிப்பது, கம்பியைத் தூக்குவது, இறக்குவது, வெளியே போகிற வண்டியில் என்ன போகிறது என்று பார்ப்பது, அவ்வளவுதான் வேலை. ரோட்டில் போகிற அவன் ஊர்க்காரர்கள் சைக்கிளை நிறுத்தி, என்ன முனிராஜு, ஏரியைப் பூட்டி விட்டார்களா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். கூண்டு ரோட்டைப் பார்த்துக் கட்டினது. அங்கே உட்கார்ந்தால் ஏரி முதுகுப் பக்கம்.

வேறு ஆள் கிடைக்கிறவரைக்கும் படகை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று மஞ்சுநாத் தியோடரிடம் சொன்னார். அடுத்த வாரம் திங்கட்கிழமை, ரிசார்ட்டுக்கு விடுமுறை. அன்றைக்குத் தியோடர் தனியாகப் படகை எடுத்தார். பக்குவமான கை எப்படி ஓட்டும் என்று ஏரிக்கே காட்டிவிடுகிற நினைப்பு. மெதுவாக, வெண்ணெய் தடவுகிற மாதிரி வேகம் கொடுத்தார். மூக்கு எழுந்தது. இன்னும் கொஞ்சம் கொடுத்தார், இன்னும் எழுந்தது. அவர் கண்ணுக்கு முன்னால் வானமும் ஒரு கொக்கும்தான் இருந்தன. எஞ்சின் என்னமோ உயிரைக் கொடுத்து உழைத்தது. படகு சாப்பிட்டு முடித்த மாமனார் மாதிரி உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை.

சரி, எஞ்சின்தான் சோர்ந்திருக்கிறது என்று சமாதானம் பண்ணிக்கொண்டு துறைக்குத் திரும்பினார். அங்கே சமையல்காரர் சின்னப்பா நின்றுகொண்டிருந்தார். தியோடரைவிட ஒரு சுற்று பெருத்தவர். விடுமுறைதானே, தன்னையும் ஒரு ரவுண்டு கூட்டிப்போகக் கூடாதா என்று கேட்டார். ஏறிப் பின்நாற்காலியில் உட்கார்ந்தவுடனே தண்ணீர் பின்விளிம்பை நக்க ஆரம்பித்துவிட்டது. தியோடர் பயந்துபோய், முன்னால் போ, முன்னால் போ என்று விரட்டினார். சின்னப்பா கையையும் காலையும் ஊன்றித் தவழ்ந்துபோய்ப் படகின் மூக்கில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

தியோடர் வேகம் கொடுத்தார். மூக்கு எழுந்த மாதிரி எழுந்து, பட்டென்று படிந்தது. படகு தண்ணீரின் மேல் மட்டமாக நின்று, பிறகு பிய்த்துக்கொண்டு பாய்ந்தது. சின்னப்பாவின் துண்டு பறந்து ஏரியில் விழுந்தது. எதிர்க்கரை கிடுகிடுவென்று பக்கத்தில் வந்தது.

தியோடர் எஞ்சினை அணைத்துவிட்டார். படகு தானாகவே நகர்ந்துபோய் நடு ஏரியில் நின்றது. துண்டைக்கூட மறந்துவிட்ட சின்னப்பா திரும்பிப் பார்த்து, "ஏண்ணா நிறுத்திட்டே? ஸக்கத்தா, ஜோரா போச்சே" என்றார்.

தியோடருக்குக் காது மடல் இரண்டும் சுட்டது. லாரிக்குத் தரை இருக்கிறது, தண்ணீருக்கு ஏது? பின்னால் அமுக்க அமுக்க அது பின்னாலேயே அமிழ்ந்துகொண்டு போகும். சட்டி பானையைத் தண்ணீரில் மிதக்கவிட்ட குழந்தைக்குக்கூடத் தெரிகிற சமாச்சாரம். அந்தப் பெண்ணின் நனைந்த புடவை, குழந்தையின் வீறல், எல்லாவற்றையும் தானே வெல்டிங் பண்ணிக் கொண்டுவந்து போல்ட்டுப் போட்டு இறுக்கியிருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்துபோய்விட்டது. முனிராஜ் சொன்னது ஒவ்வொன்றும் ஞாபகம் வந்தது. தன் கை மேலே எழுந்து அவன் வாயை அடைத்ததும் ஞாபகம் வந்தது.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். வாசலில்தானே உட்கார்ந்திருக்கிறான்! தியோடர் சொல்லவில்லை. மஞ்சுநாத்துக்குப் போன் பண்ணி, புரொப்பல்லரில் சின்ன வேலை இருக்கிறது, ஒரு வாரம் கொடுங்கள் என்றார். அந்தச் சின்ன வேலை என்கிற வார்த்தையை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் உடம்பு கூசும்.

வேலையைச் செய்வதில் மட்டும் குறை வைக்கவில்லை. வெல்டிங் பண்ணின இரும்புச் சட்டத்தைக் கழற்றினார். எஞ்சினைக் கிளப்புகிற பாட்டரியைத் தவிர, லாரி பாட்டரி, தண்டவாளம் எல்லாம் வெளியே வந்தன. எண்ணெய் டின்னையும் நங்கூரத்தையும் முன்தளத்துக்கு அடியில் தள்ளினார். மீன் தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு ஓட்டுவதை நிறுத்தினார்; மீன் மாட்டின பிறகு நிரப்பினால் போதும். ஆதியில் கத்தின கத்தலுக்குக் காரணம் எஞ்சினை உயரத்தில் மாட்டியிருந்ததுதான். போல்ட்டு ஓட்டை ஒன்று கீழே இறக்கிப் பூட்டினார். அதற்கு இரும்பே வேண்டியிருக்கவில்லை! பிறகு சென்னைக்குப் போய், மீன்பிடி விசைப்படகுக்காரர்கள் வாங்குகிற கடையில் விசாரித்து, இறக்கையில் திருகு குறைந்த புரொப்பல்லராக ஒன்று வாங்கிவந்து மாட்டினார். லாரியில் மேடு ஏறக் கியரைக் குறைக்கிற மாதிரி அது. கடைசி வேகம் கொஞ்சம் குறையும். ஆனால் நின்ற இடத்திலிருந்து துள்ளிக் கிளம்பும்.

கழற்றின இரும்பை மெட்டடாரில் ஏற்றிச் சாக்குப் போட்டு மூடிக்கொண்டு வாசலுக்கு வந்தார். தடுப்புக் கம்பி இறங்கியிருந்தது. முனிராஜ் கூண்டிலிருந்து எழுந்து வந்து, வேலை முறைப்படி வேனின் பின்கதவைத் திறந்தான். சாக்கை விலக்கினான். தண்டவாளத் துண்டு மேலே தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றான். தியோடர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தார். இப்போது கேட்பான், கேட்டால் சொல்லிவிடலாம் என்று இருந்தது. கேட்கமாட்டானா என்றுகூட இருந்தது. முனிராஜ் சாக்கை இழுத்துப் பழையபடி மூடினான், கதவைச் சாத்தினான், போய்க் கம்பியைத் தூக்கினான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தியோடர் லிங்கராஜபுரம் வருகிறவரைக்கும் நினைத்துக்கொண்டே வந்தார்.

அந்த மாதத்துத் திருவிருந்து ஞாயிறு வந்தது; மனசில் குற்றத்தை வைத்துக்கொண்டு அப்பமும் ரசமும் வாங்கக்கூடாது என்பார்கள். பெஞ்சிலிருந்த எல்லோரும் எழுந்து பலிபீடத்துக்கு முன்னால் முழங்கால்போடப் போனார்கள். தியோடர் முழங்காலை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழிவிட்டுவிட்டு உட்கார்ந்தே இருந்தார். திரும்பி வந்த பியாட்ரிஸ், உடம்பு சரியில்லையா என்று காதோடு கேட்டார். ஒன்றுமில்லை என்றார். கடைசிப் பாட்டில் அவர் ஆர்கனுக்குப் பின்னால் போனார். பியாட்ரிஸுக்கு அப்போதுதான் உண்மையாகவே பயம் வந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார். தியோடர் எல்லாவற்றையும் கொட்டினார். பியாட்ரிஸ் கேட்டு முடித்துவிட்டு, "இத என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?" என்றார். சமையலறைக்குப் போய்விட்டார்.

அதற்குள் படகு ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து மஞ்சுநாத் சொக்கிப்போயிருந்தார். பார்க்கிறவர்களிடமெல்லாம் தியோடர் கைவேலை, தியோடர் கைவேலை என்று சொல்லிக்கொண்டிருந்தார். புது டிரைவரையும் தியோடரே தேர்ந்தெடுத்துத் தரவேண்டும் என்றார். தியோடர், முனிராஜையே மறுபடி போடலாமே என்று இழுத்தார். மஞ்சுநாத் ஒரே வெட்டாக வெட்டிவிட்டார். "நீவே, நீங்களேதான் மேஸ்திரி சொன்னது, கை சரியில்லன்னு. குழந்தைங்க ஏறுற படகு. அவன் கேட்டுலயே இருக்கட்டும்." அந்த இடத்தில் உண்மையைச் சொன்னால்தான் முனிராஜுக்குப் படகு திரும்பக் கிடைக்கும் என்று தியோடருக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் சரி சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். இத்தனை வருஷமாக ஊர்க் கையையெல்லாம் குற்றம் சொன்ன வாய், தன் கை என்று வந்ததும் ஊமையாகிவிட்டது. வெட்கம் கெட்டவன் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். திட்டிக்கொண்டாரே தவிர, சொல்லவில்லை.

நவம்பர் முதல் தேதி ராஜ்யோத்சவம், கன்னட நாட்டின் திருநாள். ரிசார்ட்டில் மஞ்சள் சிவப்புக் கொடி ஏற்றி, பாட்டுக் கச்சேரி வைத்து, கூட்டமான கூட்டம். மஞ்சுநாத் சொல்லாமல் கொள்ளாமல் தியோடருக்குச் சன்மானம் ஏற்பாடு பண்ணிவிட்டார். இந்த ஊரில் ஒருவரைக் கௌரவிப்பது என்றால் கைதட்டி மட்டும் அனுப்பமாட்டார்கள். மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, தோளில் சால்வை போர்த்தி, மாலை போட்டு, மடியில் பழக்கூடையை வைத்து, தலையில் ஜரிகை போட்ட மைசூர்ப் பேட்டா என்கிற தலைப்பாகையைக் கவிழ்ப்பார்கள். பேட்டா தியோடருக்குக் கொஞ்சம் பெரிசு. கண்ணாடியின் செப்புக் கம்பியில் வந்து உட்கார்ந்துகொண்டது. பழக்கூடைக்கு மேலாக அவர் கூட்டத்தைப் பார்த்தார். எல்லா முகமும் சிரித்துக்கொண்டிருந்தது. செருப்பால் அடிக்கிறவன் ஒருத்தன் கூட இல்லையே என்று இருந்தது அவருக்கு.

இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். தியோடர் எழுந்தார். கன்னடத்தில், பாரத்தை வைத்ததும் நான்தான், அதை எடுத்ததும் நான்தான், இதில் சன்மானத்துக்கு என்ன இருக்கிறது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். கூட்டம் ஒரு கணம் பார்த்தது. பிறகு யாரோ சிரித்தார்கள், எல்லோரும் சிரித்தார்கள், கைதட்டல் பந்தலைத் தூக்கியது. மஞ்சுநாத் மைக்கை வாங்கி, பெரிய வேலைக்காரர்களுக்கு அழகே இந்த அடக்கம்தான் என்றார். இன்னொரு தரம் கைதட்டல்.

அந்தக் கைதட்டலோடு மஞ்சுநாத் படகுச் சாவியை எடுத்துத் தியோடர் கையில் வைத்தார். இதை இவர் யார் கையில் கொடுக்கிறாரோ அவன்தான் இனிமேல் டிரைவர் என்று மைக்கிலேயே அறிவித்தார். ஓசூரிலிருந்து அந்த வேலைக்கு வந்திருந்த ஒரு ஆள், புது ஷூ போட்டுக்கொண்டு படகுத்துறைப் பக்கம் தயாராக நின்றான். கூட்டம் துறையை நோக்கி நகர்ந்தது.

தியோடர் பழக்கூடையை நாற்காலியில் வைத்துவிட்டுப் படியிறங்கினார். துறைக்குப் போகவில்லை. சால்வை தரையில் புரள, பேட்டாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் வாசலைப் பார்த்து நடந்தார். முதலில் யாருக்கும் புரியவில்லை. மஞ்சுநாத், மேஸ்திரி, மேஸ்திரி என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் வந்தார். கூட்டமும் பின்னால் வந்தது.

கூண்டுக்குள் முனிராஜ் ஸ்டூலில் உட்கார்ந்து டிக்கெட் புத்தகத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்தான். மேடைச் சத்தம் அவனுக்கும் கேட்டுத்தானிருக்கும். தியோடர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். இரண்டு பேர் நிற்க அங்கே இடமில்லை.

"எந்திரிப்பா" என்றார். முனிராஜ் எழுந்தான். தியோடர் சாவியை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். பிறகு அந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மஞ்சுநாத் மூச்சு வாங்க வந்து நின்றார். என்ன விளையாட்டு இது என்று கேட்டார்.

"விளையாட்டில்ல சார்" என்றார் தியோடர். "இவன் மொதல் நாளே சொன்னான், பின்னாடி குந்திக்குதுன்னு. அந்த இரும்ப முன்னாடி போடுன்னான். நான்தான் கேக்கல. அந்தக் குழந்தை விழுந்தது என் இரும்பால. கை சரியில்லன்னு நான் பொய் சொன்னேன். கேட்டுல உக்கார வேண்டிய ஆளு நான்."

இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. பின்னால் நின்றவர்களில் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். மஞ்சுநாத்தின் முகம் சிவந்து, பிறகு வாடிப்போயிற்று. பேட்டாவைத் தன் கையாலேயே வைத்தவர் அவர். முனிராஜ் பக்கம் திரும்பி, "ஹௌதா?" என்றார், நிஜம்தானா என்று. முனிராஜ் தலையை ஆட்டினான். மஞ்சுநாத், போய்ப் படகை எடு என்கிற மாதிரி ஏரிப் பக்கமாகக் கையைக் காட்டினார். கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு திரும்பி நடந்தார்.

ரோட்டுப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்து ஜன்னலுக்கு எதிரே நின்றது. தியோடர் டிக்கெட் புத்தகத்தை இழுத்துக்கொண்டு குனிந்தார். பேட்டாவின் விளிம்பு ஜன்னல் சட்டத்தில் போய் முட்டிக்கொண்டது. மறுபடி குனிந்தார், மறுபடி முட்டியது.

முனிராஜ் இன்னும் போகவில்லை. சாவியைப் பிடித்தபடி கதவோரம் நின்றுகொண்டிருந்தான். வாசலுக்கு மாற்றப்பட்ட பிறகு முதல் தடவையாக அவரிடம் பேசினான்.

"பேட்டாவ கழட்டிடுணா. ஜன்னல்ல இடிக்குது."

தியோடர் அதைத் தன் கையால் தொடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே முனிராஜ் பக்கம் திரும்பி, அவனுக்கு எட்டுகிற மாதிரி, தலையைக் குனிந்து நீட்டினார்.